கரி அடுப்பில் முழு வான்கோழி: கோளாறு என்ன, சரிசெய்வது எப்படி

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் என் போன் ஓயாது. அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளான தேங்க்ஸ்கிவிங் அன்று வீட்டு அவனில் (oven) வான்கோழி வைத்தவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். கொல்லையில் கரி மூட்டி முழுப் பறவையை ஏற்றிவிட்டவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். "மூணு மணி நேரமாச்சு, தொடை இன்னும் பச்சையா இருக்கு, என்ன பண்றது?" நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாம் வருடத்திலிருந்து நானும் கரியில்தான் வைக்கிறேன். அந்தக் கேள்விகளையும் என் அடுப்பில் நடந்தவற்றையும் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். பறவை இப்போது நெருப்பில் இருந்தால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு உங்கள் கோளாறுக்குத் தாவிவிடுங்கள்.

நான் சொல்லும் கணக்கு 22 அங்குல வட்டக் கரி கிரில்லுக்கும், 12 முதல் 14 பவுண்டுப் பறவைக்கும். கிலோவில் ஐந்தரை முதல் ஆறரை. கரி இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டும், பக்கத்துக்கு 25 பிரிக்கெட் (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) வீதம். நடுவில் வெறும் இடம். அங்கே ஒரு அலுமினியத் தட்டு, தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர். அதற்கு நேர் மேலே கம்பியில் பறவை, நெஞ்சு மேல்பக்கம். மூடி போட்டபடியே சமையல். பறவைக்கு நேர் கீழே ஒரு கங்குகூட இருக்கக் கூடாது. கோழித் துண்டுகளைத் தணலுக்கு மேல் நேராக வாட்டிப் பழகிய கை, வான்கோழியையும் அப்படித்தான் வைக்கச் சொல்லும். கேட்காதீர்கள்.

இரண்டு தெர்மாமீட்டர் வேண்டும். ஒன்று பறவைக்குப் பக்கத்தில் கம்பி மட்டத்தில் சூட்டைக் காட்ட, இன்னொன்று கறிக்குள் குத்திப் பார்க்க. மூடியில் பதித்து வரும் மீட்டர் மூடிக்கடியில் தேங்கும் சூட்டைத்தான் காட்டும், பறவை உட்கார்ந்திருக்கும் இடத்தை அல்ல. அடுப்புச் சூடு 325 முதல் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்க வேண்டும். இனி நான் எழுதும் எண்கள் எல்லாமே ஃபாரன்ஹீட்தான். கறிக்கு 165, அதாவது 74 செல்சியஸ். நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உட்பக்கம், இறக்கை மூட்டு ஆகிய மூன்று இடங்களிலும் இது வர வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. பறவையோடு சொருகி விற்கும் பிளாஸ்டிக் குமிழ் மேலெழுந்துவிட்டது என்பதற்காக இறக்காதீர்கள். அது ஒரே இடத்தின் சூட்டைத்தான் சொல்லும், பெரும்பாலும் நெஞ்சு காய்ந்த பிறகுதான் எழும்பும்.

வியாழன் காலையில் வயிற்றுக்குள் இன்னும் பனிக்கட்டி

ஃப்ரீஸரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றியது புதன்கிழமையாக இருந்தால் இதுதான் நடக்கும். ஃபிரிட்ஜில் நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் கணக்கு. 12 பவுண்டுப் பறவைக்கு மூன்று நாள். உப்புப் போட்டு ஊறவைக்கும் நாளையும் சேர்த்தால் சனிக்கிழமையே இறக்கிவிடுவது நல்லது.

காலையில் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் வழி இருக்கிறது. உறையைப் பிரிக்காமல், கசியாத பைக்குள் போட்டு, பெரிய வாளியில் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க அமிழ்த்துங்கள். அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். முழுக்க உறைந்த பறவைக்குப் பவுண்டுக்கு அரை மணி நேரம், பாதி இளகியதற்கு அதற்கேற்பக் குறைவு. வெந்நீர் கூடாது, சமையல் மேடையில் காலை முழுக்க வைப்பதும் கூடாது. உள்ளே உறைந்திருக்கும்போதே மேல்கறி 40 டிகிரியைத் தாண்டிவிடும், அங்கிருந்து 140 வரை கிருமிகள் பெருகும். மதியமாகியும் நடுவில் கட்டி இருந்தால் அன்றைக்குக் கரியை மறந்துவிட்டு அவனுக்கே கொண்டுபோங்கள்.

இளகியதும் கழுத்துப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கைவிட்டுப் பாருங்கள். ஈரல், கிஸர்டு (இரைப்பை), கழுத்தெலும்பு வைத்த பை ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் பையாக இருந்து உள்ளேயே உருகினால் அந்தக் கறியைச் சாப்பிட முடியாது.

சூடு 300-ஐத் தாண்டவில்லை, அல்லது ஏறிய சூடு இறங்கிக்கொண்டே வருகிறது

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான். எல்லாரும் உடனே கரியை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதற்கு முன் காற்றைப் பாருங்கள். கரிக்குத் தீனி காற்று. அடித்துளை வழியாக உள்ளே போய் மூடித்துளை வழியாக வெளியேற வேண்டும். ஒன்றரை மணி நேரம் எரிந்த அடுப்பில் சாம்பல் குவிந்து அடித்துளையை அடைத்திருக்கும். கீழேயுள்ள கைப்பிடியை நாலு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சாம்பலை உதிருங்கள். பத்து நிமிடத்தில் 25 டிகிரி ஏறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மூடித்துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும். கூட்டுவதும் குறைப்பதும் அடித்துளையில்தான்.

அடுத்து மூடி. எத்தனை தடவை திறந்தீர்கள்? ஒவ்வொரு திறப்புக்கும் இழந்த சூடு திரும்பிவரப் பத்து நிமிடம் ஆகும். வெண்ணெய் தடவ என்று இருபது நிமிடத்துக்கொரு தடவை திறந்தால் அது வேகும் நேரமே அல்ல, ஆறும் நேரம். இந்த வட்ட அடுப்பு பிறந்ததே மூடிக்காகத்தான். சிகாகோ பக்கம் தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவை செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்று படுத்திய பாடு தாங்காமல், 1952-இல் அந்த மிதவையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கினார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சூடு வரவில்லை என்றால் அடுப்பு என்ன செய்யும்?

இவை இரண்டும் சரி என்றால் கரி போதவில்லை என்று அர்த்தம். பிரிக்கெட் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு வீச்சில் எரியாது. 45 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் பக்கத்துக்கு எட்டு என்று சேர்த்தபடி இருக்க வேண்டும். நவம்பர் குளிரில், காற்று அடிக்கும் நாளில், பத்துப் பன்னிரண்டு. சேர்ப்பதைச் சிம்னியில் (கரி மூட்டும் உலோகக் குழாய்) தனியாக மூட்டி, நீறு பூத்த பிறகு சேருங்கள். பச்சைக் கரியைக் கொட்டினால் அது பற்றும் வரை சூடு இன்னும் இறங்கும், புகையும் கெட்டியாக வரும். பறவையை ஏற்றி அரை மணி ஆனதுமே அடுத்த சிம்னியைப் பற்றவைத்துவிடுவது என் வழக்கம். சூடு இறங்கிய பிறகு மூட்டினால் இருபது நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

காற்று நேராக அடிக்கிறதா? அடுப்பைச் சுவர் மறைவுக்கு நகர்த்தலாம், ஆனால் கராஜுக்குள் மட்டும் வேண்டாம். கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். மழை வந்தாலும் பனி கொட்டினாலும் குடை பிடித்துக்கொண்டு வெளியேதான் நில்லுங்கள்.

சூடு 400-க்கு மேல் போய்விட்டது

அடித்துளையைக் கால்வாசிக்கு மூடிவிட்டுப் பதினைந்து நிமிடம் தொடாமல் காத்திருங்கள். மூடியைத் திறந்தால் இன்னும் காற்று கிடைத்து நெருப்பு பொங்கும். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை பெரிதாகி நெஞ்சு மூடியில் இடித்தால் இப்படி ஆகும். 16 பவுண்டுக்கு மேல் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பத்துப் பேருக்கு மேல் வருவார்கள் என்றால் 12 பவுண்டுப் பறவை ஒன்றோடு இரண்டு நெஞ்சுத் துண்டுகள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டில் தீப்பிடித்துக் கருப்புப் புகை வருகிறது

தட்டிலிருந்த தண்ணீர் வற்றிக் கொழுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றினால் எகிறி முகத்தில் அடிக்கும். மூடியைப் போட்டு இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் அடங்கும். அடங்கியதும் துளைகளைத் திறந்து, கம்பிக்கு ஓரமாக வெந்நீர் கொஞ்சம் தட்டில் விடுங்கள். இனி கரி சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் தட்டை எட்டிப் பாருங்கள்.

மேலே கருகுகிறது, உள்ளே 120-தான்

தடவிய கலவையில் சர்க்கரை, தேன், வெல்லம், கெட்சப் ஏதாவது இருக்கிறதா? இனிப்பு எல்லாமே இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் கருகிவிடும். அவற்றைக் கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் தடவ வேண்டும். இப்போதைக்குக் கருகும் இடத்தின் மேல் ஃபாயிலைக் கூடாரம்போலத் தளர்வாகப் போர்த்துங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கருகினால் அந்தப் பக்கக் கரி அதிகம். பறவையை அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். இறக்கை நுனிகளை ஆரம்பத்திலேயே முதுகுக்கடியில் மடித்துச் செருகியிருந்தால் அவை தப்பும்.

நெஞ்சு 160, தொடை 140

முழு வான்கோழியின் அடிப்படைத் தகராறு இது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இல்லை, ஜவ்வும் இல்லை. 165-ஐத் தாண்டிப் பத்து டிகிரி போனாலே நார் நாராகிவிடும். தொடை அப்படியல்ல. நடந்து நடந்து உழைத்த தசை, ஜவ்வு நிறைய. 165-இல் சாப்பிடலாம், ஆனால் ரப்பர்போல இழுக்கும். 175, 180 வந்தால்தான் அந்த ஜவ்வு இளகிக் கறி எலும்பை விட்டு வரும். ஒரே பறவைக்குள் இரண்டு விதமான கறி, இரண்டு விதமான சூடு. அவனில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சூடு என்பதால் இதைச் சமாளிப்பது கஷ்டம். கரி அடுப்பில் நெருப்பு எங்கே என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் கரியை விடாமல் இருப்பதற்கு ருசியைவிடவும் இதுதான் காரணம்.

பறவை அடுப்பில் இருக்கும்போதே இந்த நிலை என்றால், கரி முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பறவையின் கால்கள் அந்தப் பக்கம் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். நெஞ்சின் மேல் இரண்டு மடிப்பாக ஃபாயில். கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தால் கட்டை அறுத்துவிடுங்கள். படங்களில் பார்க்க அழகாக இருக்கும் அந்தக் கட்டுதான் தொடையிடுக்கில் சூடு போகாமல் தடுக்கிறது. அப்படியும் நெஞ்சு முந்திக்கொண்டு 165 ஆகிவிட்டால், பறவையை இறக்கி இரண்டு கால்களையும் தொடையோடு வெட்டியெடுத்து அவற்றை மட்டும் திரும்ப அடுப்பில் போடுங்கள். நெஞ்சு ஓய்வெடுக்கும் அரை மணியில் கால்கள் வெந்துவிடும். மேசையில் முழுப் பறவையாக நிறுத்திக் காட்ட முடியாது, அவ்வளவுதான் நஷ்டம்.

அடுத்த வருடத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அடுப்பில் ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் நெஞ்சின் மேல் ஐஸ் பைகளை வைத்துக் குளிர வைப்பது. கால்கள் முன்னே கிளம்பும், நெஞ்சு பின்னே வரும். இரண்டு, பறவையின் முதுகெலும்பைக் கத்தரியால் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்செலும்பை உள்ளங்கையால் அமுக்கிப் பறவையைப் பப்படம்போல விரித்துவிடுவது. தொடைகள் வெளி ஓரத்துக்கு, நெருப்புப் பக்கம் வந்துவிடும். நெஞ்சு நடுவில் பத்திரமாக இருக்கும். இரண்டே முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான். நாலு வருடமாக வேறு மாதிரி வைத்ததில்லை.

மூன்றாவது, உப்பு. ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பருமணி உப்பு), தூள் உப்பானால் அதில் பாதி. தோலுக்கு மேலும் அடியிலும் தடவி ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கித் தசையின் பிடிப்பைத் தளர்த்தும். பிறகு வேகும்போது அது சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளாது, கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் காயாது. வாங்கும்போது உறையைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தால் திரும்ப உப்பிடக் கூடாது. ஒரு வருடம் அதைப் படிக்காமல் உப்பிட்டு, இருபது பேர் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொண்டு போனார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படும்.

கோழி என்றாலே தோலுரித்து வாங்கிப் பழகிய நம் வீடுகளில் வான்கோழியின் தோலையும் உரித்துவிடுகிறார்கள். குழம்புக்கு அது சரி. தணலின் வறண்ட சூட்டில் மூன்று மணி நேரம் இருக்கப்போகும் பறவைக்குத் தோல்தான் போர்வை. வேண்டாதவர்கள் தட்டில் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

தோல் ரப்பர்போல இழுக்கிறது

ஈரம், இல்லையென்றால் சூட்டுக் குறைவு. பறவையைக் குழாயடியில் கழுவி நேராக ஏற்றினால் தோல் முதல் ஒரு மணி நேரம் அவியத்தான் செய்யும். கழுவவே வேண்டாம். சிங்க் முழுக்கக் கிருமி தெறிப்பதுதான் மிச்சம். காகிதத் துண்டால் ஒற்றியெடுத்து, உப்புத் தடவி, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் காகிதம்போல உலர்ந்துவிடும். உப்போடு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்தால் இன்னும் நன்றாகச் சிவக்கும். சோடா அல்ல, பவுடர். இப்போது அடுப்பில் இருக்கும் பறவைக்கு: கறி 150-ஐத் தொட்டதும் எரிந்து நீறு பூத்த கரி பக்கத்துக்குப் பத்து சேர்த்து அடித்துளையை முழுக்கத் திறந்துவிடுங்கள். கடைசி அரை மணி 400 அருகே போனால் தோல் முறுகும். இறக்கிய பிறகு ஃபாயிலால் இறுக்கி மூடாதீர்கள், முறுகியது ஆவியில் மறுபடி நமுத்துவிடும்.

கசக்கிறது, மண்ணெண்ணெய் வாடை வருகிறது

மண்ணெண்ணெய் வாடை என்றால் கரி பற்றவைக்கும் திரவம் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது அந்தத் திரவம் ஊறிய பிரிக்கெட்டை நடுவில் சேர்த்திருக்கிறீர்கள். வந்த வாடையை எடுக்க வழியில்லை, தோலை உரித்துவிட்டுப் பரிமாறுங்கள். இனி சிம்னியும் ரெண்டு தாள் செய்தித்தாளும் போதும். கசப்பு என்றால் புகை. புகைக்காகப் போடும் மரக்கட்டை ஆப்பிளோ செர்ரியோ ஹிக்கரியோ, கைப்பிடி அளவில் இரண்டு துண்டு போதும். வான்கோழி புகையை வேகமாக வாங்கிக்கொள்ளும். மூடித்துளையில் வருவது மெல்லிசாக நீலம் பாரித்த புகையாக இருக்க வேண்டும். வெள்ளையாகக் கெட்டியாகச் சுருண்டு வந்தால் மரம் எரியாமல் புழுங்குகிறது. அந்தப் பிசுக்குதான் தோலில் கருப்பாகப் படிந்து கசக்கிறது. துளைகளைத் திறந்து காற்று கொடுங்கள்.

165 வந்தும் கறி இளஞ்சிவப்பாக இருக்கிறது

பயப்பட வேண்டாம், திரும்ப ஏற்றியும் காயவைக்க வேண்டாம். கரியும் மரமும் எரியும்போது வரும் வாயுக்கள் தசையிலிருக்கும் நிறமியோடு சேர்ந்து, தோலுக்கடியில் அரை அங்குலம் வரை இளஞ்சிவப்பைப் பிடித்துவைத்துவிடும். கரியில் வெந்ததற்கு அது அடையாளம். எலும்போரம் சிவந்திருப்பது இளம் பறவையின் மஜ்ஜையிலிருந்து ஊறிய நிறம். சாறு தெளிவாக வருகிறதா, சிவப்பாக வருகிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் ஏமாற்றும். எலும்பில் இடிக்காமல் மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் ஐஸ் நிறைந்த தண்ணீரில் விடுங்கள், 32 காட்ட வேண்டும்.

மசாலா மேலோடு நின்றுவிட்டது

இரண்டு நாள் தயிரிலும் மிளகாய்த்தூளிலும் ஊறவைத்தேன், உள்ளே சப்பென்று இருக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் நம்மவர்கள்தான். உப்பு மட்டும்தான் ஆழமாக இறங்கும். மஞ்சள், மிளகாய், கரம் மசாலா எல்லாம் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். தயிரோடு தோல் மேல் பூசினால் தோலும் முறுகாது, தயிரும் கருகும். வெண்ணெயில் மிளகு, சீரகம், பூண்டு, நசுக்கிய கறிவேப்பிலை குழைத்து, விரலால் தோலை மெல்லத் தூக்கி நெஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் திணியுங்கள். மிளகாய்த்தூளைத் தட்டில் சொட்டிய சாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றில் வெங்காயம் வதக்கி மிளகு தட்டிப்போட்டு இறக்கிய கிரேவியை அறுத்த கறிமேல் ஊற்றும்போதுதான் நாம் தேடும் காரம் ஒவ்வொரு வாயிலும் கிடைக்கும்.

மணி ஐந்து, எல்லோரும் வந்தாயிற்று, கறி 130

அவனை 350-இல் மூட்டி, பறவையைப் பெரிய தட்டோடு உள்ளே மாற்றுங்கள். கரியின் மணம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிட்டது, இனி அதற்கு வேண்டியது வெறும் சூடு. இன்னும் அவசரம் என்றால் பறவையைக் கால், தொடை, நெஞ்சு என்று வெட்டிப் பரப்பினால் அரை மணியில் ஆகிவிடும். விருந்தாளிகள் பசியோடு காத்திருக்கிறார்கள் என்று 150-இல் பரிமாறிவிடாதீர்கள், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. நெஞ்சை 160-இல் இறக்கினால் உள்ளிருக்கும் சூட்டில் இன்னும் ஐந்து டிகிரி ஏறும் என்பது உண்மை. ஆனால் தெர்மாமீட்டரை உள்ளேயே விட்டு 165 தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள். அந்த இருபது, முப்பது நிமிட ஓய்வு எப்படியும் தேவை, உடனே அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

சாப்பாடு முடிந்த பிறகு

மிஞ்சிய கறியை எலும்பிலிருந்து பிரித்து, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுப்பின் துளைகள் இரண்டையும் மூடி அணைய விடுங்கள். சாம்பலை அன்றிரவே அள்ளிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மேலே ஆறிய நீறு, அடியில் மறுநாள் வரை கங்கு. இரண்டு நாள் கழித்து, மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள், மரத் தளத்தின் மேல் வைக்காமல்.